மேற்கு மலை வீடுகள் – 9: பனி இறங்கும் முன்

மூணாறு, தேவிகுளம், வட்டவடை பகுதிகளில் குளிர்காலம் மழையின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது. ஆனி, ஆடியில் கொட்டும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, ஐப்பசியில் துலாமழை எனப்படும் வடகிழக்குப் பருவமழை பெய்து முடித்து, வானம் தெளிந்ததும் பனி தொடங்கிவிடும். மார்கழியும் தையும் கடுங்குளிர் மாதங்கள். ஆறு மாதம் மழையில் ஊறிய வீடுதான் அந்தக் குளிரை எதிர்கொள்கிறது. அதனால் இங்கே குளிர்கால ஆயத்தத்துக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் ஈரம், அடுத்து கூரை, கடைசியில் நெருப்பு. இந்த வரிசை மாறினால் எவ்வளவு விறகு எரித்தாலும் வீடு சூடேறாது.

எங்கே, எவ்வளவு குளிர்?

கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறையும். பாலக்காடு நகரம் 100 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. மறையூர் ஏறத்தாழ 1,000 மீட்டரிலும், மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டரிலும் உள்ளன. மூணாற்றைச் சுற்றியுள்ள எஸ்டேட்டுகளில் பல இன்னும் மேலே இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் மேலே 2,695 மீட்டர் உயர ஆனைமுடி நிற்கிறது.

உறைபனி விழுவதற்கு உயரம் மட்டும் காரணமன்று. மேகமற்ற, காற்றில்லாத, ஈரம் குறைந்த இரவில் தரை தன் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்துகொண்டே இருக்கும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டிலுள்ள வீட்டைவிட ஆற்றோரத்துப் பள்ளத்திலுள்ள வீட்டில் விடியற்காலைக் குளிர் கூடுதலாக இருக்கிறது. வானிலை நிலையத்தின் வெப்பமானி தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேலான உயரத்தில், நிழற்பெட்டிக்குள் இருக்கும். அது 2 அல்லது 3 டிகிரி காட்டும் காலையிலும் புல்நுனியில் பனி உறைந்திருக்கலாம். 2019 ஜனவரியில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியது. அடுத்தடுத்த நாட்களில் விழுந்த உறைபனியில் பெரும் பரப்பில் தேயிலைச் செடிகள் கருகின.

பாலக்காட்டின் கதை வேறு. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்திருக்கும் கணவாய் அது. கார்த்திகை முதல் மாசி வரை தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வறண்ட கீழைக்காற்று அதன் வழியே வேகமாகப் பாய்கிறது. வாளையார், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரங்களில் உறைபனி கிடையாது. தூசியும் வறட்சியும்தான் தொல்லை. அதே மாவட்டத்தின் நெல்லியாம்பதி எஸ்டேட்டுகள் மலைக்குளிரைச் சேர்ந்தவை.

வீடுகள் எப்படிப்பட்டவை?

மூணாற்றுத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களில் பெரும்பாலானவை லயங்களில் வாழ்கின்றன. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த சிறு வீடுகள் இவை. பலவற்றில் கல் சுவர், மேலே தகரம், ஓர் அறை, ஒரு சமையலறை. கல் சுவருக்குக் கனம் உண்டு. பகல் வெயிலை மெல்ல வாங்கி, இரவில் மெல்ல விடும். தகரத்துக்கு அந்தக் குணம் இல்லை. வெயில் பட்டால் உடனே சுடும். பொழுது சாய்ந்தால் உடனே குளிரும். தெளிந்த இரவில் வெளிக்காற்றைவிடவும் தகரம் அதிகமாகக் குளிர்ந்துபோகும். வீட்டுக்குள் சமைக்கும் ஆவியும் மூச்சுக்காற்றின் ஈரமும் அதன் அடிப்பக்கத்தில் படிந்து, விடியற்காலையில் படுக்கைமேல் சொட்டுகின்றன. கூரை ஒழுகுவதாக எண்ணி மேலே தார் பூசுவோர் உண்டு. மழையே இல்லாத மார்கழியில் சொட்டுவது வீட்டுக்குள்ளிருந்து எழுந்த தண்ணீர்தான்.

பழங்குடி மக்களின் வீடுகள் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டன. முதுவர் குடிகளில் மூங்கிலும் மண்ணும் சுவராகவும் புல் கூரையாகவும் இருந்தன. கணவாய்க்கு வடக்கே, நீலகிரித் தோடர்களின் மரபு வீடு அரைவட்டமாக வளைந்த கூரையும், குனிந்து தவழ்ந்து நுழையும் அளவுக்குச் சிறிய ஒற்றை வாசலும் கொண்டது. தடித்த புல்வேய்வுக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தை வெளியே விடுவதில்லை. சிறிய வாசல் காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. கான்கிரீட் வீடுகள் பெருகிய பிறகு ஒழுக்கு குறைந்தது. ஆனால் மெல்லிய சுவரும் பெரிய கண்ணாடிச் சன்னலும் கொண்ட கான்கிரீட் வீடு குளிரில் லயத்தைவிட மேலானது என்று சொல்ல முடியாது.

புரட்டாசி, ஐப்பசி: ஈரத்தை வெளியேற்றுதல்

துலாமழைக்கு முன் முதல் வேலை வீட்டின் பின்பக்கச் சரிவைப் பார்ப்பது. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை அருகே பெட்டிமுடியில் சரிந்த மண் லயங்களை மூடியதில் 70 உயிர்கள் போயின. சரிவில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று ஆகியவற்றில் எதைக் கண்டாலும் எஸ்டேட் நிர்வாகத்துக்கும் ஊராட்சிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் மழை இரவைக் கழிக்கக் கூடாது.

அடுத்தது வாய்க்கால். சுவரை ஒட்டித் தண்ணீர் தேங்கினால் அஸ்திவாரம் வழியாக ஈரம் மேலேறும். ஈரச் சுவர் உலர்ந்த சுவரைவிட வேகமாக வெப்பத்தைக் கடத்தும். சுவரோரத்து மண்ணை வெட்டித் தாழ்த்தி, கூரைத் தண்ணீர் தள்ளி விழும்படி செய்தால் பாதி வேலை முடிந்தது. தகரத்தின் ஆணித்துளைகளையும் துருப்பிடித்த மடிப்புகளையும் இந்த மாதங்களிலேயே அடைத்துவிட வேண்டும்.

விறகும் இப்போதே கூரைக்குள் வர வேண்டும். பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பின் ஒரு பகுதி செலவாகும், புகையும் கூடும். கவாத்து வெட்டிய தேயிலைக் கட்டை, சில்வர் ஓக், கிராண்டிஸ் (யூகலிப்டஸ்) எதுவானாலும் பிளந்து, தரையில் படாமல் கல்மேல் அடுக்கி, பக்கங்களில் காற்று புகும்படி விட்டு, மேலே மட்டும் மூட வேண்டும். பிளக்காத உருண்டைக் கட்டை மாதக்கணக்கில் கிடந்தாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும்.

கார்த்திகை: கூரையை மூடுதல்

வானம் தெளிந்த முதல் வாரத்தில் கம்பளி, மெத்தை, பாய், குளிராடை அனைத்தையும் வெயிலில் காய வைப்பது வழக்கம். அதே வாரத்தில் கூரைக்கு அடியில் ஒரு தட்டு கட்ட வேண்டும். மூங்கில் பாய், பிளைவுட், தடித்த துணி, தைத்த சாக்கு என எதுவானாலும் பயன் தரும். பொருளைவிட முக்கியம், அதற்கும் தகரத்துக்கும் இடையே அசையாமல் நிற்கும் காற்று. பாலக்காடு மாவட்டம் முண்டூரில் செயல்படும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் தொழில்நுட்ப மையம் பரப்பிய ‘சூடாறாப்பெட்டி’ இதே விதியில்தான் இயங்குகிறது: கொதித்த அரிசிப் பானையை உள்ளே வைத்து மூடினால், மேலும் விறகில்லாமல் சோறு வெந்துவிடும். புதிய வெப்பம் தராமல், இருக்கும் வெப்பத்தைப் போகவிடாமல் வைத்திருப்பதே அதன் வேலை. வீட்டுக்கும் அதுவே தேவை. துணியும் சாக்கும் அடுப்புக்கு நேர் மேலே வரக் கூடாது, தீப்பிடிக்கும்.

சுவரும் கூரையும் சேரும் இடத்திலுள்ள இடைவெளிதான் லயத்தின் பெரிய கசிவு. படுக்கும் அறையில் அதை மண், சுண்ணாம்புக் காரை, மரச்சட்டம் கொண்டு அடைக்கலாம். சமையலறையில் அடைக்கக் கூடாது. புகை வெளியேற வேறு வழி அங்கே பெரும்பாலும் இல்லை. கதவடியில் துணி உருளையும் சன்னலுக்குத் தடித்த திரையும் போதும்.

ஏறத்தாழ 10 டிகிரி வடக்கு அட்சரேகையில் உள்ள மூணாற்றில், டிசம்பர் பிற்பகுதியில் நண்பகல் சூரியன் தெற்கு வானில் 56 டிகிரி உயரத்தில் நிற்கும். தெற்குச் சன்னல் வழியே வெயில் அறைக்குள் விழும் காலம் இதுதான். காலை 10 மணி முதல் மாலை 3 மணி வரை தெற்கு, கிழக்குச் சன்னல்களைத் திறந்து வைத்தால் சுவர் காயும், தரை சூடேறும். பொழுது சாயுமுன் மூடிவிட வேண்டும்.

மார்கழி, தை: நெருப்பு

கூரை மூடிய பிறகுதான் நெருப்புக்குப் பொருள் உண்டு. பரிஷத் அடுப்பு போன்ற புகைக்குழாய் வைத்த அடுப்பு குறைந்த விறகில் எரிந்து, புகையை வெளியே அனுப்பும். குழாயில் படிந்த கரியைக் குளிர்காலம் தொடங்கும் முன் தட்டி எடுக்காவிட்டால் புகை அறைக்கே திரும்பும்.

கரி அள்ளிய சட்டியைப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவடைத்துத் தூங்குவது உயிரைப் பறிக்கும். கனலும் கரி வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. அது ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தலைவலியும் மயக்கமும் வரும் முன்பே தூக்கத்தில் உயிர் போகலாம். கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் இப்படி இறந்தவர்களில் சுற்றுலாப் பயணிகளும் உண்டு. கேஸ் கீசர் வைத்த குளியலறைக்கும் இதே ஆபத்து உண்டு. தூங்கும் முன் சட்டியை வெளியே வைத்துவிட வேண்டும். வெந்நீர் நிரப்பி இறுக மூடிய ரப்பர் பையைத் துணியில் சுற்றிப் போர்வைக்குள் வைப்பது பாதுகாப்பானது. முதியவர்களும் பச்சிளங்குழந்தைகளும் வெளிச்சுவரை ஒட்டிப் படுக்கக் கூடாது. உள்சுவர் ஓரமே அவர்களுக்கு ஏற்ற இடம்.

மாட்டுத் தொழுவத்தில் காற்று வரும் பக்கம் மட்டும் சாக்குத் திரை போதும். முழுவதும் அடைத்தால் மூத்திர ஆவி மாடுகளின் நெஞ்சைக் கெடுக்கும். வட்டவடை, காந்தலூர் வட்டாரக் காய்கறிப் பாத்திகளில் நாற்றுகளை மாலையில் புல்லோ சாக்கோ கொண்டு மூடி, வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும்.

கணவாயின் பக்கம்

பாலக்காட்டுச் சமவெளி வீட்டுக்குத் தேவையான ஆயத்தம் சிறியது. கீழைக்காற்று தொடங்குமுன் கூரை விளிம்பு ஓடுகளைக் காரை வைத்துப் பிடிக்க வேண்டும்; காற்று முதலில் கிளப்புவது அவற்றைத்தான். கிழக்குச் சன்னலுக்குத் தூசி தடுக்கும் வலை வேண்டும். காய்ந்த ஓலைக் கொட்டகைக்கும் அடுப்புக்கும் இடையே தூரம் வேண்டும்.

யார் பொறுப்பு?

தோட்டத் தொழிலாளருக்கு வீடு கட்டித் தருவதோடு அதைப் பராமரிப்பதும் முதலாளியின் கடமை என்று 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு வழங்கும்படி உத்தரவிடும் அதிகாரத்தையும் அது மாநில அரசுக்கு அளித்தது. தட்டு கட்டுவதும் கம்பளி காய வைப்பதும் குடும்பத்தின் வேலை. தகரம் மாற்றுவதும் சரிவு காப்பதும் நிர்வாகத்தின் வேலை. அதற்கான மனுவைப் பனி விழுந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. புரட்டாசியிலேயே எழுத்தில் கொடுத்து, நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

(தொடரும்)