எக்செல் மெனு குழப்புகிறதா? மனப்பாடம் வேண்டாம்... 4 தலைப்புகள் போதும்!

வேலைப்பயிற்சிக்குப் போன முதல் வாரமே கைக்கு ஓர் எக்செல் கோப்பு வந்துவிடும்.

"பெயர்களை அகர வரிசையில் அடுக்கிக் கொடுங்க."

"யார் இன்னும் பணம் கட்டலைன்னு பாருங்க."

வேலை சின்னதுதான். ஆனால் திரையின் மேலே பார்த்தால் பொத்தான்கள், சின்னங்கள், அம்புக்குறிகள்! எதை அழுத்துவது?

எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருக்கத் தேவையில்லை. 'நான் என்ன செய்யப்போகிறேன்?' என்று முதலில் கேட்டுக்கொண்டால், எந்த மெனு என்பது தானாகப் பிடிபடும்.

ஏன் இத்தனை பொத்தான்கள்?

எக்செல் முதன்முதலில் 1985இல் மெக்கின்டாஷ் கணினிக்காக வெளிவந்தது. அப்போது எல்லாம் கீழே விரியும் மெனுக்கள். வசதிகள் கூடக்கூட, எது எங்கே இருக்கிறது என்று தேடுவதே பெரும்பாடானது.

அதனால் 2007 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் 'ரிப்பன்' எனும் பட்டையைக் கொண்டுவந்தது. ஒரே வகை வேலைக்கான பொத்தான்கள் ஒரே தலைப்பின்கீழ் வந்தன.

தொடக்கத்தில் தெரியவேண்டிய 4 தலைப்புகள்

- ஹோம்: ஏற்கனவே இருப்பதன் தோற்றத்தை மாற்ற. எழுத்து, நிறம், எண்ணின் வடிவம் எல்லாம் இங்கே. கூட்டுத்தொகை போடும் 'ஆட்டோசம்' பொத்தானும் இங்கே உண்டு.

- இன்செர்ட்: இல்லாத ஒன்றைச் சேர்க்க. வரைபடம், படம், அட்டவணை.

- டேட்டா: தகவலை வரிசைப்படுத்த, வடிகட்ட. 'பணம் கட்டாதவர்களை மட்டும் காட்டு' என்றால் இங்குள்ள 'ஃபில்டர்'.

- வியூ: பார்க்கும் விதத்தை மாற்ற. நீண்ட பட்டியலில் கீழே போகும்போது தலைப்பு வரிசை மறைகிறதா? 'ஃபிரீஸ் பேன்ஸ்' அதை மேலேயே நிறுத்திவைக்கும். தகவல் எதுவும் மாறாது.

கூகல் ஷீட்ஸ் பயன்படுத்துகிறீர்களா? இன்செர்ட், டேட்டா, வியூ அங்கும் அதே வேலைகளைத்தான் செய்கின்றன. 'ஹோம்' வேலைகளில் பல அங்கே 'ஃபார்மேட்' மெனுவில் இருக்கும். ஒன்றைப் பழகிவிட்டால் மற்றதும் எளிது.

பொத்தான் மங்கலாக இருக்கிறதே?

பெரும்பாலும் ஏதோ ஒரு கட்டத்துக்குள் நீங்கள் இன்னும் எழுதிக்கொண்டிருப்பீர்கள். 'என்டர்' அல்லது 'எஸ்கேப்' விசையை அழுத்துங்கள்.

சில தலைப்புகள் திடீரென்று வரும், போகும். அதுவும் கோளாறு இல்லை. வரைபடத்தைக் கிளிக் செய்தால்தான் வரைபடத்துக்கான தலைப்பு தெரியும்.

தேடியும் கிடைக்கவில்லையா?

விண்டோஸ் எக்செல்லில் 'ஆல்ட்' விசையோடு 'கியூ' அழுத்தினால் தேடல் பெட்டி வரும். செய்யவேண்டிய வேலையைத் தட்டச்சு செய்தால் பொத்தானே உங்களைத் தேடி வரும்!

கவனம்! இந்த 2 இடங்களில் சறுக்கலாம்

1. வரிசைப்படுத்தும்போது

முகாமுக்குப் பணம் கட்டிய 40 மாணவர்களின் பட்டியல் என்று வைத்துக்கொள்வோம். பெயர் இருக்கும் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து 'சோர்ட்' செய்தால் எக்செல் ஒரு கேள்வி கேட்கும்.

'எக்ஸ்பேண்ட் த செலக்‌ஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெயரோடு தொகையும் சேர்ந்து நகரும்.

மற்றதைத் தேர்ந்தெடுத்தால் பெயர்கள் மட்டும் இடம் மாறும், தொகைகள் அப்படியே நிற்கும். ஒருவர் கட்டிய 25 வெள்ளி இன்னொருவர் கணக்கில் போய்விடும். பார்ப்பதற்குப் பட்டியல் ஒழுங்காகத்தான் தெரியும். பணம் கட்டியவரிடமே மறுபடியும் பணம் கேட்கும்போதுதான் வினை!

நடுவில் காலியான நெடுவரிசை இருந்தால் அந்தக் கேள்வியே வராமல் போகலாம். எனவே முழுப் பட்டியலையும் தேர்ந்தெடுத்துவிட்டு வரிசைப்படுத்துவது நல்லது.

2. பூஜ்யத்தில் தொடங்கும் எண்கள்

மரினா பே வட்டாரத்தில் 01 என்று தொடங்கும் அஞ்சல் குறியீடுகள் உண்டு. அப்படி ஒன்றைத் தட்டச்சு செய்தால் எக்செல் முதல் பூஜ்யத்தை விழுங்கிவிடும். 6 இலக்கம் 5 ஆகிவிடும். மலேசியத் தொலைபேசி எண்களுக்கும் அதே கதி.

தட்டச்சு செய்வதற்கு முன்பே அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, ஹோம் தலைப்பில் 'ஜெனரல்' என்றிருக்கும் பெட்டியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள்.

தப்பாகிவிட்டால்?

உடனே 'கன்ட்ரோல்' விசையோடு 'இசட்' அழுத்துங்கள். செய்தது திரும்பிவிடும். ஆனால் எக்செல் கோப்பைச் சேமித்து மூடிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். அதனால் கைவைக்கும் முன்பே கோப்புக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் 3 பெயர்களை அந்தப் பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொகையும் சரியாக இருந்தால் தைரியமாக அனுப்பலாம்!