'யாரோ சந்தேகமா நிக்கிறாங்க' என்று 112-க்கு போன் போனால் என்ன நடக்கும்? சந்தாபுரா தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஓசூர் ரோட்டில் போனால், பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கும் அத்திபலே எல்லைக்கும் நடுவே வருகிறது சந்தாபுரா. ஐ.டி. ஊழியர்கள், ஷிஃப்ட் வேலைக்குப் போகும் தொழிலாளர்கள், பி.ஜி.யில் தங்கியிருப்பவர்கள் எனப் பல மாநிலத்தவர் கலந்து வாழும் பகுதி. இப்படிப்பட்ட இடங்களின் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குரூப்களில் அடிக்கடி எட்டிப்பார்க்கும் மெசேஜ் ஒன்று உண்டு: "கேட் பக்கத்துல யாரோ புதுசா சுத்துறாங்க. போலீஸுக்கு அடிக்கலாமா?"

தாராளமாக அடிக்கலாம். ஆனால் அவர் செய்த ஏதோ ஒரு காரியத்தை வைத்துச் சந்தேகப்படுகிறோமா, அல்லது அவருடைய நிறம், முகம், பேச்சு, உடை ஆகியவற்றை வைத்தா? இந்த வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது.

ரேஸியல் புரொஃபைலிங் என்றால் என்ன?

ஒருவர் என்ன செய்தார் என்பதைப் பார்க்காமல், அவர் எந்த இனம், எந்த ஊர், எந்த மொழி என்பதை வைத்தே குற்றவாளியாகக் கருதுவதுதான் ரேஸியல் புரொஃபைலிங்.

உலகம் அறிந்த ஓர் உதாரணத்தில் சிக்கியவர் ஓர் இந்தியர். 2015 பிப்ரவரி 6. அமெரிக்காவின் அலபாமா மாகாணம், மேடிசன் நகரம். எஞ்சினியர் மகனின் வீட்டுக்கு, பேரனைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து வந்திருந்த 57 வயதுக்காரர் காலையில் வாக்கிங் போனார். ஒல்லியான கறுப்பின ஆள் ஒருவர் சந்தேகப்படும்படி நடக்கிறார் என்று அக்கம்பக்கத்துக்காரர் ஒருவர் போலீஸுக்கு போன் செய்தார். வந்த போலீஸின் கேள்விகள் ஆங்கிலம் தெரியாத அவருக்குப் புரியவில்லை. போலீஸ் அதிகாரி அவரைத் தரையில் தள்ளியதில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, பக்கவாதம் வந்தது. அந்த அதிகாரி 2016-ல் விடுதலையானார். நகர நிர்வாகம் 2021-ல் 17.5 லட்சம் டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது.

அந்தப் பெரியவர் அன்று செய்தது நடந்தது மட்டும்தான்.

பெங்களூருவில் இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 2016 ஜனவரி 31 அன்று ஹெசரகட்டா பகுதியில் சூடான் நாட்டவர் ஓட்டிய கார் மோதி உள்ளூர்ப் பெண் ஒருவர் இறந்தார். சுமார் அரை மணி நேரம் கழித்து அந்த வழியாக வந்த தான்சானியா மாணவியின் காரை ஒரு கும்பல் மறித்தது. மாணவியைத் தாக்கி, காரைக் கொளுத்தியது. விபத்துக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்த விவகாரத்தில் போலீஸார் சிலர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள்.

2018 மே மாதம் சாமராஜ்பேட்டையில் ராஜஸ்தானைச் சேர்ந்த 26 வயது இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். காரணம், குழந்தை கடத்துபவர் என்ற வாட்ஸ்ஆப் வதந்தி. அதே ஆண்டு ஜூலை 13 அன்று பீதர் மாவட்டம் முர்கி அருகே, ஹைதராபாத்திலிருந்து வந்திருந்த நண்பர்கள் குழு குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. அதுவே சந்தேகமாகி, வீடியோ அடுத்த ஊர் குரூப்புக்குப் போய், ரோட்டை மறித்து அடித்ததில் ஒரு சாஃப்ட்வேர் எஞ்சினியர் இறந்தார். காப்பாற்றப் போன போலீஸாரும் காயமடைந்தார்கள்.

2020 ஜனவரியில் பெல்லந்தூர் அருகே கரியம்மன அக்ரஹாராவில் வேறு விதமாக நடந்தது. "இங்கே பங்களாதேஷ்காரர்கள் சட்டவிரோதமாக இருக்கிறார்கள்" என்ற பேச்சைத் தொடர்ந்து போலீஸ் நோட்டீஸ் போனது, குடிசைகள் இடிக்கப்பட்டன. அங்கே இருந்தவர்களில் அசாம், திரிபுரா, வட கர்நாடகத் தொழிலாளர்களும் உண்டு. இந்த நடவடிக்கை சட்டத்துக்குப் புறம்பானது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்னது.

தமிழர்களுக்கு இதில் என்ன சம்பந்தம்?

2016 செப்டம்பர் காவிரிக் கலவரத்தின்போது பெங்களூருவில் 'டி.என்.' நம்பர் பிளேட் இருந்தாலே வண்டிக்கு ஆபத்து என்ற நிலை. ஒரே டிப்போவில் நிறுத்தியிருந்த பல பேருந்துகள் கொளுத்தப்பட்டன. அத்திபலேயில் இறங்கி, மூட்டை முடிச்சோடு நடந்தே எல்லையைக் கடந்தவர்கள் ஏராளம்.

2024 மார்ச்சில் ராமேஸ்வரம் கஃபே குண்டுவெடிப்புக்குப் பிறகு, மத்திய இணை அமைச்சர் ஷோபா கரந்தலாஜே தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் குண்டு வைப்பதாகப் பேசி, பின்னர் மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதம் என்.ஐ.ஏ. கைது செய்த முக்கிய நபர்கள் இருவரும் கர்நாடகத்தின் தீர்த்தஹள்ளியைச் சேர்ந்தவர்கள்.

அதற்காக நாம் எப்போதும் பாதிக்கப்படும் பக்கம் மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த சென்னைப் பெண்மணியை 'குழந்தை கடத்துபவர்' என்று சொல்லி அடித்துக் கொன்றது நம் ஊர்க் கும்பல்தான். பிறப்பை வைத்துக் குற்றவாளி முத்திரை குத்திய 1871-ம் ஆண்டு குற்றப் பரம்பரைச் சட்டத்தின் வழி வந்த விதிகளுக்குக் கள்ளர், குறவர் உள்ளிட்ட சமூகங்கள் இங்கே இலக்காயின. சட்டம் 1952-ல் ஒழிந்தாலும், சீர்மரபினரைக் காரணமின்றிக் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில்கூட நினைவூட்ட வேண்டியிருந்தது.

போன் போனால் போலீஸ் என்ன செய்யும்?

112-க்கு வரும் அழைப்பு கன்ட்ரோல் ரூமுக்குப் போகும். பக்கத்தில் உள்ள ரோந்து வண்டி அனுப்பப்படும். வண்டியில் வருபவருக்கு அந்த நேரத்தில் தெரிந்தது போன் செய்தவர் சொன்னது மட்டுமே. "பூட்டை ஆட்டிப் பார்த்தார்" என்றால் போலீஸ் பூட்டைப் பார்க்கும். "இந்திக்காரன் மாதிரி இருக்கான்" என்றால் முகத்தைத்தான் பார்க்கும்.

வந்த போலீஸ் பெயர், முகவரி, வந்த காரணம் கேட்கலாம். ஆனால் 'சந்தேகமாக இருந்தார்' என்பது மட்டுமே கைதுக்குப் போதாது. பி.என்.எஸ்.எஸ். 35-வது பிரிவின்படி, குறிப்பிட்ட குற்றத்தில் தொடர்பு இருப்பதாக நியாயமான சந்தேகமோ நம்பகமான தகவலோ வேண்டும். 170-வது பிரிவின்படி முன்னெச்சரிக்கைக் கைது செய்யவும், குற்றம் செய்யத் திட்டமிடுகிறார் என்று போலீஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்களையே நிறுத்தினால்?

* ஓடாதீர்கள், கத்தாதீர்கள். கன்னடம் வராவிட்டால் "கன்னட பரல்லா சார்" என்று சொல்லிவிட்டு, தெரிந்த மொழியில் நிதானமாகப் பதில் சொல்லுங்கள்.

* நடந்து போகும் இந்தியக் குடிமகன் எப்போதும் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று பொதுவான சட்டம் கிடையாது. ஆனாலும் கம்பெனி ஐ.டி. கார்டு கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

* ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால், "இது கைதா? என்ன காரணம்?" என்று கேளுங்கள். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையும் உண்டு.

* கைது செய்யும் போலீஸாரின் பெயர் தெளிவாகத் தெரியும்படி இருக்க வேண்டும் என்கிறது 36-வது பிரிவு. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போன் செய்பவராக இருந்தால்?

கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: எந்த இடம், எத்தனை மணி, என்ன செய்தார். அடையாளம் கேட்டால் சட்டை நிறம், வண்டி நம்பர் சொல்லலாம். "அந்த ஊர்க்காரங்க மாதிரி" என்ற ஊகம் வேண்டாம். அடுத்தவருக்குத் தொல்லை தர வேண்டும் என்று தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால், பி.என்.எஸ். 217-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம்.

நீங்களே பிடித்து வைக்கலாமா? கண் முன்னே ஜாமீனில் வர முடியாத, வாரன்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தாலோ, அவர் அறிவிக்கப்பட்ட குற்றவாளியாக இருந்தாலோ மட்டும்தான். அப்போதும் 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். வெறும் சந்தேகத்தில் ஆளைக் கட்டி வைப்பது குற்றம். இனம், மொழி, பிறந்த இடம் போன்ற காரணங்களுக்காக 5 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொலை செய்தால், 103(2) பிரிவின்படி ஆயுள் தண்டனை அல்லது மரண தண்டனை.

அலபாமாவில் போன் செய்தவர் யாரையும் அடிக்கவில்லை. சாமராஜ்பேட்டை, முர்கி வதந்திகளை ஃபார்வர்ட் செய்த பலர் சம்பவ இடத்தில்கூட இல்லை. குரூப்பில் அடுத்த முறை ஒரு முகத்தின் போட்டோ வந்தால், முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "அவர் என்ன செஞ்சார்?" அதற்கு யாரிடமும் பதில் இல்லை என்றால், அந்த போட்டோ அங்கேயே நிற்கட்டும்.