அடம்பிடிக்கும் ஸ்பீக்கருக்கு இரண்டு அம்ப்ளிபயர்

ஒரே ஸ்பீக்கரின் வூஃபருக்கு ஓர் அம்ப்ளிபயர், ட்வீட்டருக்கு இன்னோர் அம்ப்ளிபயர் என்று பிரித்துக் கொடுப்பதே பை-அம்பிங். பின்புறத்தில் இரண்டு சோடி இணைப்பு முனைகள் உள்ள ஸ்பீக்கர்களில் இதைச் செய்யலாம்.

ஸ்பீக்கர் அடம்பிடிக்குமா என்பதை இரண்டு எண்கள் காட்டிக்கொடுக்கும். முதலாவது உணர்திறன். அமிர்தகழி மாமாங்கேசுவரர் ஆலயம் போன்ற கோயில்களின் திருவிழாக்களில் கட்டப்படும் கூம்பு ஒலிபெருக்கி, ஒரு வாற்றிலேயே ஒரு மீற்றர் தூரத்தில் 105 டெசிபல் அளவில் முழங்கும். பி.பி.சி. 1970களில் வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ ஸ்பீக்கருக்கு இந்த எண் ஏறத்தாழ 83தான். 20 டெசிபல் குறைந்தாலே, அதே சத்தத்துக்கு நூறு மடங்கு வலு வேண்டும்.

இரண்டாவது எண் மின்தடை. பெட்டியில் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும், சில அதிர்வெண்களில் அது 3 ஓமுக்கும் கீழே இறங்கக்கூடும். 1980களில் வந்த அபோஜி சின்டில்லா ஏறக்குறைய 1 ஓம் வரை இறங்கிப் பல அம்ப்ளிபயர்களைத் திணறடித்தது. தடை இறங்க இறங்க மின்னோட்டம் ஏறும். வாற்று எண்ணிக்கையைவிட இந்த மின்னோட்டத்தைத் தாங்கும் திறனே முக்கியம். 8 ஓமில் 100 வாற்று தரும் அம்ப்ளிபயர் 4 ஓமில் 200ஐ நெருங்கினால் அதன் மின்வழங்கி உறுதியானது; 120இலேயே நின்றுவிட்டால் விலகிக்கொள்வது நல்லது.

வலுவான அம்ப்ளிபயர் வூஃபருக்கே போக வேண்டும். இசையின் பாரம் பெரும்பாலும் அங்கேதான். ட்வீட்டருக்குச் சிறியதொன்று, வால்வு வகைகூட, போதும். ஆனால் இரண்டின் பெருக்கமும் சமமாக இருக்க வேண்டும்; ஒன்று 26, மற்றது 29 டெசிபல் என்றால் ஒலியின் சமநிலை குலையும். ஒரே தயாரிப்பில் ஒரே மாதிரி இரண்டை வாங்குவது பாதுகாப்பான வழி.

இணைக்குமுன், இரு சோடி முனைகளையும் சேர்க்கும் உலோகத் தகடுகளைக் கட்டாயம் கழற்ற வேண்டும். மறந்தால் இரண்டு அம்ப்ளிபயர்களின் வெளியீடுகளும் ஒன்றோடொன்று முட்டிப் பழுதாகும். இரண்டு அம்ப்ளிபயர்களைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் பிரிட்ஜ் முறையிலும் எச்சரிக்கை தேவை: அதில் 4 ஓம் ஸ்பீக்கர், உள்ளிருக்கும் ஒவ்வொரு அம்ப்ளிபயருக்கும் 2 ஓமாகவே தெரியும்.

இவ்வளவுக்கும் கிடைக்கும் பலன் பலர் நினைப்பதைவிடக் குறைவு. ஸ்பீக்கருக்குள் உள்ள பிரிப்புச் சுற்று அப்படியே இருக்கும்போது இரு அம்ப்ளிபயர்களும் முழு இசையையும் பெருக்கிக்கொண்டிருக்கின்றன. அம்ப்ளிபயருக்கு முன்பே இலத்திரனியல் கிராஸ்ஓவரால் ஒலியைப் பிரித்தால்தான் உண்மையான ஆதாயம். அதற்கு ஸ்பீக்கரைத் திறந்து உட்சுற்றை நீக்க வேண்டும். அளவீட்டுக் கருவியும் அனுபவமும் இல்லாதவர் அதில் கைவைக்காமல் இருப்பதே மேல்.

மட்டக்களப்பில் காலநிலையும் கணக்கில் வர வேண்டும். கச்சான் காற்று அனல் வீசும் மாதங்களில், சும்மா இருக்கும்போதே கொதிக்கும் கிளாஸ் ஏ அம்ப்ளிபயர்கள் இரண்டை ஒரே அலுமாரிக்குள் அடைப்பது வீண் வேலை. குறைவாகச் சூடாகும் கிளாஸ் டி இங்கே பொருத்தம். கடலும் வாவியும் சூழ்ந்த கல்லடிப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்றால் செப்புக் கம்பிகள் பச்சை பூக்கும். முனைகளை அவ்வப்போது துடைத்து இறுக்க வேண்டும். பை-அம்பிங்கில் அந்த முனைகளும் இரட்டிப்பு.

கையில் உள்ள பணம் இரண்டு சாதாரண அம்ப்ளிபயர்களுக்கோ ஒரு நல்ல அம்ப்ளிபயருக்கோ மட்டும் போதுமென்றால், 4 ஓமில் தளராத அந்த ஒன்றையே வாங்கலாம்.