உங்களுக்குத் தெரியுமா?

கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் உடனே பொட்டாசியக் குறைவுதான் காரணம் என்கிறோம். பெரும்பாலும் அது காரணமே இல்லை!

● தென்னாப்பிரிக்காவின் 56 கி.மீ. 'டூ ஓஷன்ஸ்' ஓட்டக்காரர்களின் ரத்தத்தைச் சோதித்து 2004-இல் ஓர் ஆய்வு வெளியானது. தசை பிடித்தவர்களுக்கும் பிடிக்காதவர்களுக்கும் பொட்டாசிய அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முக்கியக் காரணம், தசை களைத்துப்போவது என்று கருதப்படுகிறது.

● பெங்களூரு ஆஸ்டின் டவுன் மைதானத்தில் பந்தாடும் பிள்ளைகளுக்குக் கைகண்ட மருந்து இதுதான்: முழங்காலை நீட்டுங்கள், பாதத்தை முகம் நோக்கி மடக்கிப் பிடியுங்கள். ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடாக்குங்கள். தண்ணீர் குடியுங்கள்.

● ஒரு வாழைப்பழத்தில் சுமார் 400 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. இளநீர், பருப்பு, கீரையிலும் தாராளம். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு உணவே போதும்.

● ரத்தத்தில் இருக்க வேண்டிய பொட்டாசியம் லிட்டருக்குச் சுமார் 3.5 முதல் 5 மில்லிமோல். மிகவும் கூடினால் இதயத் துடிப்பே நின்றுவிடலாம்.

● பொட்டாசிய மாத்திரையோ சிரப்போ மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் சாப்பிடுங்கள். மாத்திரையை மெல்லவோ பொடிக்கவோ கூடாது. உணவுக்குப் பின் ஒரு டம்ளர் தண்ணீருடன் விழுங்குங்கள், உடனே படுக்காதீர்கள். சிரப் என்றால் தண்ணீர் கலந்தே குடியுங்கள்.

● எச்சரிக்கை: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகள் சாப்பிடுபவர்களும் தாமாகப் பொட்டாசியம் எடுக்கவே கூடாது. 'லோ சோடியம்' உப்பிலும் பொட்டாசியம் இருக்கிறது. பிடிப்பு அடிக்கடி வந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.