சுவரை நகர்த்தும் முன்

பொங்கோல் நீர்வழி 4.2 கிலோமீட்டர் நீளமுடையது. பொங்கோல், சிராங்கூன் நீர்த்தேக்கங்களை இணைக்கும் இந்தச் செயற்கை நீர்வழி 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நிலம் குறைவாக உள்ள சிங்கப்பூரில் வீட்டுக்கு எவ்வளவு இடம், நீருக்கு எவ்வளவு இடம் என்று முன்கூட்டியே திட்டமிட வேண்டியுள்ளது. கணினியின் சேமிப்பு வட்டிலும் இடம் அளவானதே.

ஒரு வட்டைப் பல பிரிவுகளாகப் பிரிக்கலாம். ஒரு பிரிவில் இயங்குதளம் இருக்கும். மற்றொன்றில் பாடங்களும் படங்களும் இருக்கும். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் ஒரு கோப்பு முறைமை உண்டு. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை அதுவே குறித்து வைக்கிறது.

பிரிவை ஓர் அறையின் சுவராகவும், கோப்பு முறைமையை உள்ளே இருக்கும் அலமாரிகளாகவும் எண்ணிப் பாருங்கள். அறையைச் சிறிதாக்க வேண்டுமானால், முதலில் அலமாரிகளை ஒதுக்க வேண்டும். பிறகே சுவரை நகர்த்த வேண்டும். அதுபோலவே, முதலில் கோப்பு முறைமையைச் சுருக்கி, அதன்பின் பிரிவைச் சுருக்க வேண்டும். வரிசை மாறினால் கோப்புகள் சிதைந்துவிடும். பெரிதாக்கும்போது வரிசை தலைகீழாகும்: முதலில் சுவர், பிறகு அலமாரி.

விண்டோசில் உள்ள வட்டு மேலாண்மைக் கருவி இவ்விரண்டையும் சரியான வரிசையில் தானே செய்கிறது. ஆனால், ஒரு பிரிவை விரிவாக்க, அதற்கு அடுத்தாற்போல் ஒதுக்கப்படாத இடம் இருக்க வேண்டும். லினக்சில் கட்டளைகளைக் கொண்டு செய்வோர் வரிசையைத் தாமே கவனிக்க வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் செய்ய வேண்டியவை சில உள்ளன. முக்கியக் கோப்புகளை வேறொரு சாதனத்தில் நகலெடுக்க வேண்டும். அதே வட்டின் இன்னொரு பிரிவில் வைத்தால், வட்டு பழுதாகும்போது இரண்டும் போய்விடும். நகலைத் திறந்து பார்ப்பதும் அவசியம். வட்டு மறைகுறியாக்கப்பட்டிருந்தால், அதன் மீட்புக் குறியீட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். மடிக்கணினியை மின்னிணைப்பில் வைக்க வேண்டும். கோப்புகள் இடம்மாறும்போது மின்சாரம் நின்றால் அவை பாதியில் சிதையக்கூடும்.

பள்ளி வழியாக வாங்கிய கற்றல் சாதனத்தில் இத்தகைய மாற்றங்களைச் செய்யும் முன், ஆசிரியரின் அனுமதியைப் பெற வேண்டும். நகலெடுக்கச் சிறிது நேரம் போதும். பல மாதங்கள் உழைத்துச் செய்த திட்டப்பணியோ, தாத்தா பாட்டியின் பழைய படங்களோ அழிந்துவிட்டால், அவற்றைத் திரும்பப் பெறுவது அரிது. வருமுன் காப்பதே அறிவுடைமை.