கணினி அடிக்கடி நின்று போகிறதா? பார்மட் செய்வதற்கு முன் படியுங்கள்



சென்ற ஆண்டு நமது அறக்கட்டளைக்கு ஓர் உதவி மனு வந்தது. வாப்பாவை இழந்த குடும்பம். உம்மா தையல் வேலை செய்கிறார். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். வீட்டிலிருந்த கணினியில் வேலை நடுவே நீலத் திரை வருகிறது, தானாக அணைந்து மீண்டும் எழுகிறது, மதர்போர்டு போய்விட்டதாகக் கடையில் சொல்கிறார்கள், புதிதாக ஒன்று வாங்க உதவ வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். உதவி கிடைக்காவிட்டால் கை வளையலை அடகு வைக்க வேண்டியதுதான் என்றார் அந்தத் தாய்.

"எதற்கும் ஒருமுறை பார்மட் செய்து பாருங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். அவர்களும் அப்படியே செய்தார்கள். அதிலிருந்த எல்லாம் அழிந்தன. மகளின் பாடக் குறிப்புகளோடு, மறைந்த வாப்பாவின் படங்களும் போய்விட்டன. மூன்றாம் நாளே நீலத் திரை மீண்டும் வந்தது.

பிறகு விவரம் தெரிந்த தம்பி ஒருவர் போய்ப் பார்த்தார். உள்ளே இரண்டு ரேம் பலகைகள் இருந்தன. அவற்றில் ஒன்று பழுது. அதைக் கழற்றியதும் கணினி ஒழுங்காக ஓடியது. புதுக் கணினியும் தேவைப்படவில்லை, அடகும் தேவைப்படவில்லை. படங்கள் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

அந்த யோசனையைச் சொன்னவர்கள் நாங்கள். அதே தவறு இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்பதற்காக, தெரிந்தவர்களிடம் கேட்டும் நாங்களே செய்து பார்த்தும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். விண்டோஸ் கணினி வைத்திருப்போருக்கு இது பயன்படும்.

முதல் வேலை: கோப்புகளை எடுத்து வைப்பது

கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே முக்கியமான படங்கள், சான்றிதழ்கள், பாடங்கள் அனைத்தையும் பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ நகல் எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். நகல் எடுப்பதற்குள் அணைந்துவிடுகிறது என்றால், கடையில் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்து எடுத்துத் தரச் சொல்லலாம். எடுத்த நகலை இன்னொரு கணினியில் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படி நிற்கிறது என்று எழுதி வையுங்கள்

காய்ச்சல் என்று போனால் எத்தனை நாளாக, எந்த நேரத்தில் என்று மருத்துவர் கேட்பார். கணினிக்கும் அப்படித்தான். ஒரு தாளில் தேதி, நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, நின்ற விதம் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். நின்ற விதமே பாதி விடையைச் சொல்லிவிடும்.

ஒரே ஒரு மென்பொருள் மட்டும் மூடிக்கொண்டு மற்றவை ஓடினால், கோளாறு பெரும்பாலும் அந்த மென்பொருளில். வயரைப் பிடுங்கியது போலப் பட்டென்று அணைந்தால் மின்சாரம் அல்லது சூடு. நீலத் திரை வந்தால் டிரைவர், ரேம், டிஸ்க் ஆகியவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். புதிய விண்டோஸ் 11 பதிப்புகளில் இந்தத் திரை கறுப்பாக வரும்.

அந்தத் திரையில் ஒரு பிழைப் பெயர் இருக்கும். படிப்பதற்குள் கணினி மறுபடி எழுந்துவிடுவதால் பலரும் அதைத் தவற விடுகிறோம். தேடல் பெட்டியில் 'வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என ஆங்கிலத்தில் தட்டித் திறந்து, 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி' பகுதியின் செட்டிங்ஸில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதிலுள்ள டிக்கை எடுத்துவிட்டால் திரை நிலையாக நிற்கும். போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று தேடினால் எந்த நாளில் என்ன நின்றது என்பது சிவப்புக் குறிகளுடன் நாள்வாரியாகத் தெரியும்.

அண்மையில் என்ன மாறியது?

கோளாறு தொடங்குவதற்குச் சற்று முன் புதிய பிரிண்டர், புதிய மென்பொருள், விண்டோஸ் அப்டேட், இரண்டாவதாக ஓர் ஆன்டிவைரஸ் என ஏதாவது சேர்ந்ததா என்று யோசியுங்கள். 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விமான நிலையங்களும் வங்கிகளும் தடுமாறியது நினைவிருக்கலாம். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஒரு அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றதாக மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. அந்தக் கணினிகளின் மதர்போர்டுகளில் குறை ஏதும் இல்லை. பிழையான கோப்பை நீக்கியதும் அவை எழுந்துவிட்டன.

எனவே கடைசியாகச் சேர்த்ததை முதலில் நீக்கிப் பாருங்கள். விண்டோஸ் சரியாகத் திறக்கவில்லை என்றால், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாகச் சென்று, ரீஸ்டார்ட் ஆனபின் 4ஆம் எண்ணை அழுத்தினால் சேஃப் மோடில் திறக்கும். அதில் அவசியமானவை மட்டுமே இயங்கும். சேஃப் மோடில் மணிக்கணக்கில் நிற்காமல் ஓடினால் கோளாறு மென்பொருளிலோ டிரைவரிலோ இருக்கலாம். அங்கேயும் நின்றால் உறுப்புகளின் மீது சந்தேகம் கூடும்.

தூசியும் சூடும்

பிராசசர் அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளக் கணினியை அணைத்துவிடும். பல பிராசசர்களுக்கு இந்த எல்லை 100 டிகிரி செல்சியஸை ஒட்டியது. காலையில் நன்றாக ஓடி மதியத்தில் நின்றாலும், வீடியோ அல்லது விளையாட்டு ஓடும்போது மட்டும் நின்றாலும் முதலில் மின்விசிறியைப் பாருங்கள். மின்சாரத்தைத் துண்டித்து, பக்கத் தகட்டைக் கழற்றி, விசிறி இலை சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு புளோவரால் தூசியை ஊதி எடுக்கலாம். பல ஆண்டான கணினியில் பிராசசர் மேலுள்ள பசை காய்ந்திருக்கும். அதைக் கடையில் மாற்றிக்கொள்வது நல்லது. கணினியைச் சுவரோடு ஒட்டியும், மடிக்கணினியை மெத்தையிலும் வைக்காதீர்கள்.

மின்சாரம்

பிரிட்ஜ் அல்லது மோட்டார் ஓடத் தொடங்கும் நேரத்தில் அணைகிறதா என்று கவனியுங்கள். வேறு பிளக்கில் இணைத்துப் பாருங்கள். எர்த் இணைப்பு சரியா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். யுபிஎஸ் பேட்டரி பழையதானால் கரண்ட் போன நொடியே கணினியும் போகும். கணினிக்குள் மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் வீட்டில் பிரிக்கவே கூடாது. வயரைப் பிடுங்கிய பிறகும் அதனுள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். கடைக்காரர் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸைப் பொருத்திப் பார்த்து எளிதில் உறுதி செய்துவிடுவார்.

ரேமும் டிஸ்க்கும்

தேடல் பெட்டியில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தட்டினால் கணினி மறுபடி எழுந்து ரேமைத் தானே சோதிக்கும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அலட்சியம் செய்ய வேண்டாம். இரண்டு ரேம் இருந்தால், மின்சாரத்தைத் துண்டித்து, கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு, ஒன்றைக் கழற்றி மற்றொன்றோடு இரண்டு நாள் ஓட்டுங்கள். பிறகு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் மெல்லத் துடைத்து அழுத்திப் பொருத்தினாலே சில கணினிகள் சரியாகிவிடுகின்றன.

கோப்பு திறக்க நெடுநேரம் ஆவது, உள்ளிருந்து 'டிக் டிக்' ஓசை வருவது ஆகியவை ஹார்டு டிஸ்க் போகப் போவதன் அடையாளங்கள். அந்த நிலையில் நீண்ட சோதனைகளை ஓடவிட்டால் இருப்பதும் போகலாம். நகல் எடுப்பதோடு நிறுத்திக்கொண்டு டிஸ்க்கை மாற்றிவிடுங்கள்.

இவை அனைத்திலும் ஒன்றை மறவாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓரிரு நாள் ஓட்டிப் பாருங்கள். நான்கையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. மறுபடி நின்றாலும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது.

திரையில் போன் எண் வந்தால்

'உங்கள் கணினி முடக்கப்பட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்று ஓசையோடு ஒரு திரை வந்தால் அது மோசடி. மைக்ரோசாப்டின் உண்மையான பிழைச் செய்திகளில் போன் எண் இருக்காது. அழைக்காதீர்கள், யார் சொன்னாலும் கணினியை அவர்கள் கைக்கு விடும் செயலி எதையும் ஏற்றாதீர்கள். பிரவுசரை மூடுங்கள். மூட முடியாவிட்டால் கணினியையே அணைத்துவிடலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற அரசு உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

கடைக்குப் போகும்போது

குறித்து வைத்த தாளையும் பிழைத் திரையின் படத்தையும் கொண்டு போங்கள். 'பார்மட் செய்யலாமா?' என்று கேட்டால், நகல் எடுத்தாயிற்றா என்பதை உறுதி செய்துகொண்டு பதில் சொல்லுங்கள். 'போர்டு போய்விட்டது' என்றால், எதை மாற்றிப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல தொழிலாளி அதற்குக் கோபப்பட மாட்டார்.

நாங்களும் எங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டோம். புதுக் கணினி கேட்டு மனு வந்தால், பழைய கணினியை அந்தத் தம்பி பார்த்த பிறகே முடிவு செய்கிறோம். அவர் அதைத் தொடுவதற்கு முன் கேட்கும் முதல் கேள்வி, "இதில் உங்களுக்கு வேண்டிய படங்கள் எதுவும் இருக்கிறதா?" என்பதுதான்.