எந்த எண்ணைக் காட்டுவது?

அளப்பது கருவியின் வேலை. அளந்தவற்றுள் எதைக் காண்போர் முன் வைப்பது என்று முடிவு செய்வது மனிதனின் வேலை. இந்நாளில் பல ஆய்வுக்கூடங்களில் திரவத்தை அளந்து ஊற்றுவதும், கலக்குவதும், சூடேற்றுவதும், நிறம் பார்ப்பதும் இயந்திரத்தின் பொறுப்பாகிவிட்டன. அவ்வியந்திரத்துக்குரிய கட்டளைகளை வரிசைப்படுத்தி எழுதிய தொகுதிக்குச் செய்முறை நிரல் என்று பெயர். நிரலின் படிதோறும் எண்கள் பிறக்கின்றன. அவையனைத்தையும் திரையில் கொட்டினால் பார்ப்பவர் திகைப்பார். வேண்டியதை மறைத்தாலோ செய்த ஆய்வு பயன்படாது. ஆதலால், வெளியே தெரிய வேண்டியவை எவை, உள்ளே இருக்க வேண்டியவை எவை என்பதை நிரலை எழுதுபவர் முன்கூட்டியே வகுத்துவைக்கிறார்.

கணினி புழக்கத்துக்கு வருமுன்பே இக்கேள்வி மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் எழுந்தது. 1946ஆம் ஆண்டில் கொப்புள நோய் இலங்கையில் தோன்றியது. பூஞ்சணத்தால் விளையும் இந்நோய், முற்றிய இலையை விட்டு இளங்கொழுந்தையே பற்றுகிறது. கூடைக்குள் போக வேண்டியதும் அந்தக் கொழுந்தே அன்றோ! பனியும் மழையும் நீடிக்கும் நாட்களில் நோய் பெருகும். வெயில் காய்ந்தால் தணியும். செப்பு மருந்து தெளித்து அதனைத் தடுக்கலாம். ஆயினும், தேவையின்றித் தெளித்தால் மருந்தும் ஆள்கூலியும் வீண். பிந்தித் தெளித்தால் கொழுந்து வீண். நோய் தொற்றிச் சில நாட்கள் கழிந்த பின்னரே இலையில் புள்ளி தெரிவதால், கண்ணை மட்டும் நம்பியிருக்கவும் இயலாது.

தலவாக்கலையில், சென் கூம்ஸ் தோட்டத்தில் அமைந்துள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் இதனை ஆராய்ந்தனர். காற்றில் மிதக்கும் வித்துக்களின் எண்ணிக்கையும், இலை ஈரமாயிருக்கும் நேரமும் நோயின் போக்கை உணர்த்துவன. ஆனால் அவற்றை அளக்கத் தனிக் கருவிகள் வேண்டும். தோட்டந்தோறும் அவற்றை வைப்பது எளிதன்று. 1967இல் கெர், ரொட்ரிகோ என்னும் ஆய்வாளர் இருவர் எளிய வழியொன்றை வெளியிட்டனர். கொழுந்துகளில் இப்போது காணும் நோயின் அளவு ஒன்று. நாளொன்றுக்குச் சராசரியாக வெயில் காய்ந்த மணிநேரம் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரு சமன்பாட்டில் இட்டால், ஏறக்குறைய மூன்று வாரங்களுக்குப் பின் நோய் எவ்வளவிருக்கும் என்பது கிடைக்கும். மருந்தடிப்பதா, வேண்டாமா என்று முடிவு செய்யும் தோட்ட அதிகாரிக்கு அந்த ஓர் எண்ணே முதன்மையானது.

இத்தகைய கணக்கை நிரலாக எழுதுவோர் நான்கு செய்திகளைக் கருத வேண்டும். முதலாவது பெயர். “விடை” என்று மட்டும் காட்டுவதைவிட, “மூன்று வாரத்தில் எதிர்பார்க்கும் நோய், நூற்றுக்கு இவ்வளவு” என்று அலகோடு காட்டுவதே தெளிவு. இரண்டாவது நுட்பம். நூறு கொழுந்துகளை எண்ணிப் பெற்ற கணக்கில் தசமத்துக்குப் பின் நான்கு இலக்கங்களைக் காட்டினால், இல்லாத துல்லியம் இருப்பதாகத் தோன்றும். மூன்றாவது சேமிப்பு. இடையில் பிறந்த எண்கள் திரையில் தோன்றாவிடினும் பதிவேட்டில் இருக்க வேண்டும். முடிவில் ஐயம் எழுந்தால் அவையே சாட்சி.

நான்காவது, எல்லாவற்றினும் முக்கியமானது: விடுபட்ட அளவு. இரண்டு நாட்களுக்கு வெயில் பதிவு இல்லை என்று கொள்வோம். நிரல் அவ்விடத்தில் பூச்சியத்தை இட்டுக்கொண்டால் என்ன ஆகும்? வெயிலே இல்லாத நாட்கள் என்று கணக்கு கருதும், சராசரி குறையும், நோய் பெருகும் என்ற முன்னறிவிப்பு வரும், தேவையில்லாத மருந்து மலையில் இறங்கும். திரையிலோ வழக்கம்போல் ஓர் எண் ஒழுங்காக நிற்கும். ஆதலால், “இரு நாள் பதிவு இல்லை” என்னும் குறிப்பும் அந்த எண்ணின் பக்கத்திலேயே தோன்ற வேண்டும்.

வெளியே தெரியும் எண்ணை நம்பியே மருந்துத் தெளிப்பான் முதுகில் ஏறுகிறது. எனவே அந்த எண், தான் அறிந்ததை மட்டுமன்றி அறியாததையும் கூறக் கடமைப்பட்டது.